புது ஊர் இழுக்குது, ஆனா கூட்டிட்டுப் போறது தெரிஞ்ச முகம்தான்

ஊர் சுத்துற ஆசை சிலருக்கு ரத்தத்துலயே ஊறிக் கெடக்குன்னு சொல்றது பழைய பேச்சு, இப்ப அதோட ஒரு ஜீன் பேரும் ஒட்டிக்கிச்சு, டிஆர்டி4. மூளையில டோபமைன்ங்கிற ரசாயனத்தை வாங்கிக்கிற ஏற்பிகள்ல ஒரு வகையை உருவாக்குறது இந்த ஜீன்தான். 1999ல 39 மக்கள் குழுக்களை ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்துச்சு, முன்னோர்கள் ரொம்ப தூரம் இடம்பெயர்ந்து வந்த குழுக்கள்ல இந்த ஜீனோட நீளமான வடிவம் அதிகம் பேர்கிட்ட இருக்குன்னு அதுல தெரிஞ்சுது. அங்கேருந்து கிளம்புனதுதான் "பயண ஜீன்" கதை. ஆனா அந்த ஆய்வு பேசுனது குழுக்களைப் பத்தி, தனி ஆளைப் பத்தி இல்ல. ஒருத்தர் பையைத் தூக்கிட்டுக் கிளம்புவாரா வீட்டுலயே இருப்பாராங்கறதை ஒரே ஒரு ஜீனை வச்சு யாராலயும் சொல்ல முடியாது, நம்ம நடத்தையில ஒரு தனி ஜீனோட பங்கு அவ்வளவு சின்னது.

புதுசு நம்மளை இழுக்குதுங்கறது மட்டும் நிஜம், அதுக்கு மூளையில ஏற்பாடே இருக்கு. 2006ல நிக்கோ புன்செக், எம்ரா டூசெல்னு ரெண்டு பேர் செஞ்ச ஆய்வுல, ஸ்கேனருக்குள்ள படுத்திருக்கறவங்களுக்கு ஒரே மாதிரி படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டி நடுவுல எப்பவாவது ஒரு புத்தம் புது படத்தைக் காட்டுனாங்க. அந்தப் புதுப் படம் வர்றப்ப, டோபமைன் சுரக்குற நடுமூளைப் பகுதி சட்டுனு வேலை செய்ய ஆரம்பிச்சுது, படம் எவ்வளவு புதுசோ அவ்வளவு அதிகமா. இதே பகுதிதான் பரிசு கிடைக்கப் போகுதுங்கிற எதிர்பார்ப்புலயும் வேலை செய்யுது. அதாவது புதுசா ஒண்ணு கண்ணுல பட்டா "இதுல நமக்கு ஏதோ இருக்கலாம், போய்ப் பாரு"ன்னு மூளை தள்ளி விடுது.

இன்னொரு பக்கம் ஹிப்போகேம்பஸ், மூளையில இடத்தையும் ஞாபகத்தையும் பாத்துக்கிற பகுதி. 1971ல ஜான் ஓகீஃப் எலிகளோட மூளையில கவனிச்ச விஷயம் எனக்கு இன்னிக்கும் பெரிய ஆச்சரியம், எலி அறையோட ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தா மட்டும் ஒரு செல் துடிக்குது, வேற இடத்துக்குப் போனா வேற செல். 2005ல மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் தம்பதியோட குழு, ஹிப்போகேம்பஸுக்குப் பக்கத்துப் பகுதியில, தரையையே அறுகோண வலையா அளந்து வைக்கிற செல்களைக் கண்டுபிடிச்சாங்க. மூணு பேருக்கும் சேர்த்து 2014ல நோபல் கொடுத்தாங்க. எலியைப் புது அறையில விட்டா இந்த செல்கள் வேற வரிசையில துடிச்சு புது மேப் ஒண்ணு போட ஆரம்பிக்குது.

நமக்கும் இப்படித்தான். புது ஊர்ல முத நாள் தங்குற இடத்துலேருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்கறப்ப ஒவ்வொரு திருப்பம், ஒவ்வொரு போர்டு, வெள்ளை கேட், அதுக்கு எதிர்ல இருக்குற மரம்னு எல்லாத்தையும் கண்ணு பிடிச்சு வச்சுக்கும், பத்து நிமிஷ நடை பெருசா தெரியும். கொஞ்ச நாள் போனா அதே வழியில போனைப் பாத்துக்கிட்டே நடந்துருவோம், மரம் இருந்துச்சான்னு கேட்டா யோசிக்கணும். வெளியூர் போய்ட்டு வந்த நாலு நாள் ஒரு மாசம் மாதிரி ஞாபகத்துல நிக்கறதுக்குக் காரணம் இதுதான், அந்த நாலு நாள்ல புதுசா பதிஞ்ச விஷயம் அவ்வளவு.

இதுக்கு ரொம்ப தூரம் போகணும்னு கட்டாயமும் இல்ல. 2020ல வந்த ஒரு ஆய்வுல நியூயார்க், மயாமி ரெண்டு ஊர்லயும் சேர்த்து 132 பேரோட நடமாட்டத்தை மூணு நாலு மாசம் ஜிபிஎஸ் வச்சுப் பாத்தாங்க, கூடவே மனசு எப்படி இருக்குன்னு அப்பப்ப கேட்டாங்க. வழக்கத்தை விட வேற வேற இடங்களுக்குப் போன நாள்ல மனநிலை நல்லா இருந்திருக்கு. அதெல்லாம் அவங்க இருக்குற ஊருக்குள்ளயே சுத்துனதுதான்.

அப்படின்னா ஏன் எல்லாரும் எப்பவும் சுத்திக்கிட்டே இல்ல? ஏன்னா தெரிஞ்ச இடமும் அதே அளவுக்கு நம்மளைப் பிடிச்சு வைக்குது. 2008ல ஒரு லட்சம் மொபைல் வாடிக்கையாளர்களோட நடமாட்டத்தை ஆராய்ஞ்சப்ப, பெரும்பாலானவங்க திரும்பத் திரும்ப ஒரு சில இடங்களுக்கே போய்ட்டு வர்றாங்கன்னு தெரிஞ்சுது. 2018ல வந்த இன்னொரு ஆய்வு இன்னும் சுவாரசியமானது, ஒரு ஆள் ஒரு காலகட்டத்துல வழக்கமா போற இடங்கள் சுமார் 25தானாம், புது இடம் ஒண்ணு உள்ள வந்தா பழசு ஒண்ணு வெளிய போயிடுது.

தேனீக்கள்லயும் இந்தப் பங்கீடு இருக்கு. உணவு தேடப் போற தேனீக்கள்ல ஒரு சின்னக் கூட்டம்தான் புது பூவைத் தேடிப் போகும், மத்ததெல்லாம் தெரிஞ்ச பூவுக்கே போகும். 2012ல ஜீன் ராபின்சன்ங்கிற ஆய்வாளரோட குழு, அப்படித் தேடிப் போற தேனீக்களோட மூளையில டோபமைன், குளூட்டமேட்ங்கிற இன்னொரு மூளை ரசாயனம், இது ரெண்டும் சம்பந்தப்பட்ட ஜீன்கள் வேற அளவுல வேலை செய்யுதுன்னு காட்டுனாங்க. எல்லாமே தேடப் போனா கூடு பட்டினி, ஒண்ணுமே போகலேன்னா பூ தீர்ந்ததும் பட்டினி.

இது வரைக்கும் போய்ட்டுத் திரும்பற பயணம். ஊரையே மாத்திக்கிட்டுப் போறதுங்கறது வேற கணக்கு, அங்க ஆசையை விட தகவலுக்குத்தான் பலம் ஜாஸ்தின்னு நான் நினைக்கிறேன்.

எர்ன்ஸ்ட் ஜார்ஜ் ராவன்ஸ்டைன்னு ஒருத்தர், ஜெர்மனியில பிறந்து இங்கிலாந்துக்குக் குடிபோனவர், 1885லயே பிரிட்டன் சென்சஸை வச்சு இடப்பெயர்வுக்கு விதிகள் எழுதுனாரு. இடம் மாறுறவங்கள்ல பெரும்பாலானவங்க கிட்டக்கதான் போறாங்க, ஒரு திசையில கூட்டம் போனா எதிர்த்திசையிலயும் ஒரு சின்னக் கூட்டம் திரும்பி வருது, குறுகிய தூரத்துல ஆம்பளைங்களை விட பொம்பளைங்கதான் அதிகம் இடம் மாறுறாங்க, இதெல்லாம் அவர் அப்பவே சொன்னது. இன்னிக்கும் பாருங்க, 2024ல பிறந்த நாட்டை விட்டு வேற நாட்டுல வாழறவங்க ஐநா கணக்குப்படி சுமார் 30 கோடியே 40 லட்சம், உலக மக்கள்தொகையில 3.7 சதவீதம்தான். சொந்த நாட்டுக்குள்ளயே இடம் மாறுனவங்க 74 கோடின்னு 2009லயே ஐநா வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டுருச்சு.

1966ல எவரெட் லீங்கிற மக்கள்தொகை ஆய்வாளர் இதை இன்னும் தெளிவா வகுத்தாரு. இருக்குற ஊர்ல தள்ளுற விஷயம், போற ஊர்ல இழுக்குற விஷயம், நடுவுல தடைகள். இதுல முக்கியமான நுணுக்கம் ஒண்ணு இருக்கு, இருக்குற ஊரோட நல்லது கெட்டது நமக்கு அனுபவத்துல தெரியும், போற ஊரைப் பத்தி கேள்விப்பட்டதுதான் தெரியும். அந்த இருட்டைப் போக்கறது யாரு? முன்னாடியே போன ஆள்.

முதல்ல போறவர் எல்லாத்தையும் தானே பட்டுத்தான் தெரிஞ்சுக்கணும், எந்த ஏரியாவுல ரூம் கிடைக்கும், அட்வான்ஸ் எவ்வளவு கேப்பாங்க, எந்த ஏஜென்ட் காசை வாங்கிட்டு கையை விரிப்பான், எந்த ஆபீஸ்ல எந்த பேப்பரை நீட்டணும்னு. ரெண்டாவதா போறவர் நேரா முதல் ஆள் ரூம்லயே பாயை விரிப்பாரு, அவர் வேலை பாக்குற இடத்துலயே "என் தம்பி வந்திருக்கான் சார்"னு ஒரு வார்த்தை சொன்னா வேலை. பத்தாவது ஆளுக்கு கிளம்பறதுக்கு முன்னாடியே போன்ல எல்லாம் முடிஞ்சிருக்கும். நடந்து நடந்தே ஒத்தையடிப் பாதை உருவாகற மாதிரி, ஒவ்வொருத்தர் போகப் போக அடுத்தவருக்கு செலவும் பயமும் குறையுது. சமூகவியலாளர் டக்ளஸ் மாசி இதை விரிவா ஆராய்ஞ்சு சொன்னது என்னன்னா, முதல் ஆளைத் துரத்துன காரணம் போயிட்டாக்கூட இந்த ஓட்டம் தன்னாலயே தொடரும். ஒரு கிராமத்துக்காரங்க எல்லாம் ஒரே நகரத்துல, ஏன் ஒரே தெருவுல இருக்கறதும், பக்கத்து கிராமத்துக்காரங்க வேற எங்கயோ இருக்கறதும் இப்படித்தான்.

போறதுக்குக் காசும் வேணுங்கறதாலதான் ரொம்ப ஏழைங்கதான் அதிகமா வெளிநாடு போறாங்கங்கிற நினைப்பும் தப்பாப் போகுது. ஏழை நாட்டுல வருமானம் கொஞ்சம் ஏற ஆரம்பிச்சா வெளிய போறவங்க எண்ணிக்கை குறையாது, கூடும், ஏன்னா இப்பதான் டிக்கெட்டுக்கும் படிப்புக்கும் கையில காசு வருது. நாடு நல்லா வசதியான பிறகுதான் அது இறங்கும்.

அப்ப நம்ம கவனிக்காம விடறது போக முடியாதவங்களை. வறட்சி, வெள்ளம்னு வந்தா எல்லாரும் கிளம்பிருவாங்கன்னு பேசறோம், ஆனா 2011ல பிரிட்டன் அரசோட ஃபோர்சைட் அறிக்கை இதுக்கு நேர் எதிரான ஆபத்தைச் சொல்லுச்சு, நிலம் வறண்டு வருமானம் போனா இடம் மாறத் தேவையான காசும் அதோட போயிடுது, அதனால ஆபத்தான இடத்துலயே நிறைய பேர் மாட்டிக்குவாங்கன்னு. இவங்க எந்த இடப்பெயர்வுக் கணக்குலயும் வர மாட்டாங்க, ஏன்னா இடம் மாறுனவங்களைத்தான் எண்றோம். இவங்களுக்கும் புது இடத்தைத் தேடச் சொல்ற அதே மூளைதான் இருக்கு, பஸ்ஸுக்குக் காசும் அந்தப் பக்கம் போனை எடுக்க ஒரு ஆளும்தான் இல்ல.