"வெயிலுக்குப் பழகிக்கும், டாக்டர்" என்று சொல்வதை தயவுசெய்து நிறுத்துங்கள்

மறுபடியும் அதே கதை. சப்பை மூக்கு நாய் ஒன்று, நாக்கு நீலம் பாரித்து, உடம்பு 42 டிகிரி செல்சியஸில் கொதிக்க, நிற்கக்கூட முடியாமல், கால்நடை மருத்துவரான என்னிடம் தூக்கிக்கொண்டு வரப்படுகிறது. என்ன ஆச்சு என்று கேட்டால், "வெயிலுக்குப் பழக்கலாம்னு தினமும் மத்தியானம் கொஞ்ச நேரம் நடக்க வெச்சோம், போகப் போக உடம்பு ஏத்துக்கும்னு சொன்னாங்க" என்கிறார்கள். கூடவே படித்தவர் ஒருவர் இருந்தால் ஒரு படி மேலே போய், "பரிணாமம்னா அதுதானே டாக்டர், தேவைக்கு ஏத்த மாதிரி விலங்கு மாறிக்கும் இல்லையா" என்று விளக்கமும் தருகிறார். அந்த விளக்கத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு கோடையிலும் அதன் விலையை ஒரு நாயோ பூனையோ கொடுத்துக்கொண்டிருக்கிறது.

எந்த விலங்கும் தன் வாழ்நாளில் தேவையைப் பார்த்துத் தன் மரபணுவை மாற்றிக்கொள்வதில்லை. எந்த மூக்கோடு பிறந்ததோ அதே மூக்கோடுதான் சாகும். உடம்புக்குக் கொஞ்சம் வளைந்துகொடுக்கும் சக்தி உண்டு, அதை நான் மறுக்கவில்லை. மூச்சுப்பாதை நன்றாக இருக்கிற ஆரோக்கியமான நாயை, சில வாரங்கள் எடுத்துக்கொண்டு, படிப்படியாக வெயிலுக்குப் பழக்க முடியும். வேலை செய்யும் நாய்களுக்கு அப்படித்தான் பயிற்சி தருகிறார்கள். குளிர்காலத்தில் அடர்ந்து வளரும் உள்முடி கோடையில் உதிர்கிறது. ஆனால் இதெல்லாம் பிறவியில் கிடைத்த உடலமைப்பின் எல்லைக்குள் நடப்பது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்து, மூக்குக்கு உள்ளேயும் நாக்கிலும் இருக்கிற ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. அந்த வழியே அடைத்துக் கிடக்கும் நாய்க்கு நீங்கள் எதைப் பழக்கப் போகிறீர்கள்? வேகமாக மூச்சிரைக்க இரைக்கத் தொண்டை வீங்கும், வீங்க வீங்கக் காற்று குறையும், காற்று குறையக் குறைய இன்னும் வேகமாக இரைக்கும். அப்புறம் எங்களிடம் வரும்.

அப்படியென்றால் இயற்கைத் தேர்வு என்று டார்வின் 1859-இல் எழுதியது என்ன? ஒரு கூட்டத்தில் உயிர்கள் பிறக்கும்போதே கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசத்தோடு பிறக்கின்றன. அந்த வித்தியாசம் தேவையைப் பார்த்து வருவதில்லை, தேவைக்கு முன்னாலேயே இருக்கிறது. சூழலுக்குப் பொருந்துகிறவை கூடுதலாகக் குட்டி விடுகின்றன, பொருந்தாதவை குறைவாக விடுகின்றன அல்லது விடாமலே சாகின்றன. அடுத்த தலைமுறையில் விகிதம் மாறுகிறது. தனி உயிர் எதுவும் இதில் மாறவில்லை, கூட்டம்தான் மாறியிருக்கிறது. "இயற்கை பார்த்துக்கும்" என்று உங்கள் மடியில் இருக்கிற ஒரே நாயைப் பார்த்துச் சொல்லும்போது, பொருந்தாதவை சாகட்டும் என்றுதான் நீங்கள் சொல்கிறீர்கள். உங்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நடப்பது அதுதான்.

மொசாம்பிக்கின் கொரொங்கோசா காட்டு யானைகளைப் பாருங்கள். அங்கே 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது, தந்தத்துக்காக யானைகளைச் சுட்டுத் தள்ளினார்கள், பத்தில் ஒன்பது பங்கு யானைகள் அழிந்துபோயின. போருக்கு முன்பு பெண் யானைகளில் தந்தம் இல்லாதவை ஏறக்குறைய 18 சதவீதம். போருக்குப் பின் பாதி. எந்த யானையும் ஆபத்தைப் புரிந்துகொண்டு தந்தத்தை வேண்டாம் என்று விடவில்லை. தந்தத்தோடு பிறந்தவை கொல்லப்பட்டன, தந்தம் இல்லாமல் பிறந்தவை மிஞ்சின, அவ்வளவுதான். இதில் இன்னொன்றும் இருக்கிறது. 2021-இல் வெளிவந்த ஆய்வின்படி, தந்தம் இல்லாத தன்மையைத் தரும் மரபணு மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அது ஆண் கருவுக்குப் போனால் கரு பிழைப்பதில்லை என்றே சான்றுகள் காட்டுகின்றன. உயிரைக் காப்பாற்றிய அதே மாற்றம் மகன்களை எடுத்துக்கொள்கிறது. ஒரு குணத்தை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்துக்கொள்ள மரபணு அனுமதிப்பதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

ஆடு வளர்ப்பவர்களும் இதே தப்பைச் செய்கிறார்கள். "புழுவுக்கு மருந்து பழகிப்போச்சு" என்பார்கள். புழு பழகவில்லை. ஆட்டின் இரைப்பையில் ரத்தம் குடிக்கிற ஹீமாங்கஸ் பெண்புழு ஒன்று நாளைக்கு ஐயாயிரத்துக்கும் மேல் முட்டை போடும். அத்தனை கோடிப் புழுக்களில் அந்த மருந்துக்குச் சாகாத சில முன்பே இருக்கும். நீங்கள் எடை பார்க்காமல், கண்ணளவில் குறைத்து ஊற்றினால் அரைகுறையாகத் தாங்குகிறவையும் தப்பிவிடும். மொத்த மந்தைக்கும் மாதாமாதம் ஒரே மருந்தைக் கொடுத்தால் சாகிறவை எல்லாம் செத்து, சாகாதவை மட்டுமே குடும்பம் நடத்தும். ஆட்டை எடை போடுங்கள். கீழ் இமையைப் புரட்டிப் பார்த்து, வெளுத்திருக்கிற ஆட்டுக்கு மட்டும் கொடுங்கள். சிவந்த இமையோடு திடமாக இருக்கிறதை விட்டுவிடுங்கள், அதன் வயிற்றில் இருக்கிற, மருந்துக்குச் சாகக்கூடிய புழுக்களும் முட்டை போடட்டும், அப்போதுதான் மந்தை முழுக்கச் சாகாத புழுக்களே நிறையாது, அது உங்களுக்கு நல்லது.

சரி, நாய்க்கு வருவோம். சப்பை மூக்கை இயற்கை தேர்ந்தெடுக்கவில்லை, நாம் தேர்ந்தெடுத்தோம். குழந்தை முகம் போல இருக்கிறது என்று, தலைமுறை தலைமுறையாக, முகம் குட்டையான ஆணையும் முகம் குட்டையான பெண்ணையும் சேர்த்தோம். எலும்பு சுருங்கியது, ஆனால் உள்ளே இருக்கிற மெல்லண்ணமும் (மேல்வாயின் பின்பக்க மென்சதை) நாக்கும் அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. ஐந்தறை வீட்டுச் சாமானை ஓரறையில் திணித்த மாதிரி எல்லாம் தொண்டையில் கிடக்கிறது. அந்தக் குறட்டையை வீடியோ எடுத்துச் சிரிக்காதீர்கள், அது மூச்சுக்குப் போராடும் சத்தம். புல்டாக் குட்டிகளில் பெரும்பாலானவை அறுவை சிகிச்சையில்தான் பிறக்கின்றன, ஏனென்றால் குட்டியின் தலை தாயின் இடுப்பு வழியே வராது. காட்டில் அப்படி ஒரு வம்சம் ஒரு தலைமுறைகூடத் தாண்டாது. இங்கே கத்தியோடு நடுவில் நின்று அதைத் தாண்ட வைப்பது நாங்கள்தான். தாயைக் காப்பாற்றாமல் இருக்க எங்களால் முடியாது, ஆனால் ஒவ்வொரு முறை தையல் போடும்போதும், இந்தப் பெண் குட்டிக்கும் ஒரு நாள் இதே மேஜைதானே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

மெர்ல் நிறம் இப்போது எல்லாருக்கும் வேண்டும், சாம்பலும் கறுப்பும் திட்டுத் திட்டாக, ஒரு கண் நீலமாக. அழகுதான். இரண்டு மெர்ல் நாய்களைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டியும் இரண்டு பக்கமும் அந்த மரபணுவை வாங்கிப் பிறக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படிப் பிறப்பவை பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். பலவற்றுக்குக் காது கேட்காது, சிலவற்றுக்குக் கண் சரியாக உருவாகியே இருக்காது. நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். நிறம் தரும் அதே வகை செல்கள் உட்காதிலும் வேலை செய்கின்றன, அங்கே அவை இல்லாமல் போனால் செவிப்புலன் செத்துவிடும். ஸ்காட்டிஷ் ஃபோல்டு பூனையின் மடிந்த காதும் அப்படித்தான். 1961-இல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையில் கிடைத்த ஒரே ஒரு பெண் பூனையிலிருந்து வந்த வம்சம் அது. காதை மடக்குவது குருத்தெலும்புக் கோளாறு, குருத்தெலும்பு காதில் மட்டுமா இருக்கிறது? மூட்டில் இருக்கிறது, வாலில் இருக்கிறது. "ரொம்ப சாது, குதிக்கவே குதிக்காது" என்று பெருமையாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எக்ஸ்ரேயைக் காட்டினால் அழுகிறார்கள்.

இன்னும் ஒன்று, வாலை வெட்டினால் அடுத்த ஈற்றில் வால் குட்டையாக வரும் என்று நம்புகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். 1880களிலேயே வைஸ்மன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி ஐந்து தலைமுறை எலிகளுக்கு வாலை வெட்டிப் பார்த்துவிட்டார், பிறந்த 901 எலிகளில் ஒன்றுக்குக்கூட வால் குறையவில்லை. உங்கள் நாய்க்குட்டியை விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே சப்பை மூக்கு நாய் வைத்திருப்பவர்களே, உங்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை, அதை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள். எடை ஏறவிடாதீர்கள். கழுத்துப் பட்டை வேண்டாம், மார்புப் பட்டை போடுங்கள். வெயில் ஏறிய பிறகு வெளியே கூட்டிப்போகாதீர்கள், மூடிய வண்டியில் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். மூக்குத் துவாரம் கீறல் மாதிரி ஒடுங்கி இருந்தால் சின்ன வயதிலேயே காட்டுங்கள், அதை விரித்துவிட முடியும். தொண்டை மொத்தமும் வீங்கிய பிறகு வந்தால் எங்களால் செய்ய முடிவது குறைவு. சூட்டில் விழுந்துவிட்டால் உடனே உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, காற்று படும்படி வைத்து, அப்புறம் வண்டியில் ஏற்றுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும். கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் வகை நாய் என்றால் ஆட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தை எடுத்துப் போடவே போடாதீர்கள். அவற்றில் பலவற்றுக்கு அந்த மருந்தை மூளைக்குள் விடாமல் தடுக்கும் புரதம் பிறவியிலேயே வேலை செய்வதில்லை.

வாங்கப் போகிறவர்கள் தாயைப் பாருங்கள், முடிந்தால் தகப்பனையும். பத்து நிமிடம் நடக்கவிட்டு, மூச்சுச் சத்தத்தைக் கேளுங்கள். பார்க்கவிடாத பிரீடரிடம் வாங்காதீர்கள். குட்டி எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: பெண் நாய் ஹீட்டுக்கு (இனச்சேர்க்கைப் பருவத்துக்கு) வருவதற்கு முன்பே ஆண், பெண் இரண்டையும் கூட்டி வாருங்கள். மூச்சு, இடுப்பு, காது, கண் எல்லாம் பார்த்து, தேவையான மரபணுப் பரிசோதனையும் செய்து, சேர்க்கலாமா வேண்டாமா என்று அப்போது சொல்ல முடியும். சினையான பிறகு வந்து கேட்டால் என்னிடம் இருப்பது ஸ்கேனும், பிரசவத்துக்கு நான் குறித்துக் கொடுக்கும் தேதியும் மட்டும்தான்.