தூணைத் தூக்கியதும் நின்றுபோகும் இதயம்

"இடிபாட்டுக்குள் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தவர், வெளியே எடுத்ததும் ஏன் இறந்துபோகிறார்?" சிரியாவின் அலெப்போ நகரில் நடந்த மீட்புக் காணொளிகளைப் பார்த்த ஒரு வாசகரின் கேள்வி. 'ஆயுசு அவ்வளவுதான்' என்று நம்மூரில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பதில் பிடிப்பதே இல்லை.

சிரியப் போரில் கிழக்கு அலெப்போவில் குண்டு விழுந்ததும் ஓடிவந்தவர்கள் வெள்ளைத் தலைக்கவசத் தொண்டர்கள். அதற்கு முன் ரொட்டி சுட்டவர்கள், துணி தைத்தவர்கள், பாடம் நடத்தியவர்கள். அதே இடத்தில் இரண்டாவது குண்டும் விழலாம் என்று தெரிந்தேதான் கான்கிரீட்டைப் புரட்டினார்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்குள்ளேதான் இருக்கிறது, அதிலும் பெரும்பங்கு தசைகளில். செல்லுக்குள் லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவு, ரத்தத்தில் வெறும் 4. இந்த ஏற்றத்தாழ்வு இருந்தால்தான் இதயம் ஒழுங்காகத் துடிக்கும். தொடைமேல் தூண் விழுந்து மணிக்கணக்கில் அழுத்தினால் தசைச் செல்களின் சவ்வு சிதைந்து பொட்டாசியம் கசிகிறது. ஆனால் அது எங்கே போகும்? ரத்தக் குழாய்களும் சேர்ந்துதானே நசுங்கிக் கிடக்கின்றன! காலை நசுக்கும் அதே தூண்தான் இதயத்துக்குக் காவலாகவும் நிற்கிறது. அதைத் தூக்கினால் மடை திறந்த மாதிரிதான். தேங்கிய பொட்டாசியம் மொத்தமும் இதயத்துக்குப் பாய்கிறது, துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். போதாக்குறைக்கு, ரத்தத்தின் நீர் அடிபட்ட காலுக்குள் இறங்கி, கால் வீங்கி, ரத்த அழுத்தம் சரிகிறது.

இதில் தப்பினாலும் சிறுநீரகம் இருக்கிறது. தசையின் சிவப்புப் புரதமான மயோகுளோபின் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிந்து அடைக்கிறது. சிறுநீர் தேநீர் நிறத்தில் வரும், அப்புறம் நின்றுவிடும்.

லண்டன் மீது ஜெர்மனி குண்டு பொழிந்தபோது மீட்கப்பட்டவர்களிடம் இந்த நசுங்கல் பாதிப்பைக் கண்டு 1941-இல் எழுதினார்கள் பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள். உண்மையில் 1923-இலேயே, முதல் உலகப்போரில் மண்ணில் புதைந்த ஜெர்மன் வீரர்களை வைத்து மினாமி என்ற ஜப்பானிய மருத்துவர் எழுதியிருந்தார். யாரும் சீண்டவில்லை. அமைதிக் காலத்தில் இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பணம் ஒதுக்க யாருக்கு மனசு வருகிறது?

வைத்தியம் என்னவோ எளிமையானதுதான். தூணைத் தூக்குவதற்கு முன்பே, எட்டுகிற கையில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்ற வேண்டும். அது ரத்த அழுத்தத்தைத் தாங்கும், சிறுநீரகத்தையும் கழுவிவிடும். வழக்கமாக ஏற்றும் ரிங்கர் லாக்டேட் என்ற திரவம் மட்டும் இங்கே வேண்டாம். அதிலும் பொட்டாசியம் இருக்கிறது.