வெட்டுப்புள்ளி

வெட்டு + புள்ளி. இலங்கைத் தமிழில் புள்ளி என்றால் பரீட்சை மதிப்பெண். உயர்தர மாணவர் பல்கலைக்கழக அனுமதிக்கான 'கட் ஓஃப்' என்பதற்குச் சொல்லும் இதே சொல் தேர்தலிலும் புழங்குகிறது. செல்லுபடியான வாக்கில் குறித்த வீதத்தைத் தொடாத கட்சியை ஆசனக் கணக்கிலிருந்து நீக்கும் எல்லை அது.

இலங்கையின் 1978 அரசியல் யாப்பு அதை எட்டில் ஒரு பங்காக, 12.5 வீதமாக, வைத்தது. 1988இன் பதினைந்தாவது திருத்தம் 5 வீதமாக்கியது. முதலாவது விகிதாசாரப் பொதுத்தேர்தல் 1989இல்தான் நடந்ததால், பழைய எல்லை எந்தப் பொதுத்தேர்தலிலும் பிரயோகமாகவில்லை.

கொழும்பு மாவட்டத்துக்கு 2024இல் 18 ஆசனம். செல்லுபடியான வாக்கு 10 இலட்சம் என்று வைப்போம்; வெட்டுப்புள்ளி 50,000. அதற்குக் கீழான கட்சிகள் மொத்தம் 1,50,000 பெற்றால் அதைக் கழிக்க வேண்டும். முதலிடக் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் போக மிச்சம் 17. 8,50,000ஐ 17ஆல் வகுத்தால் ஆசனம் ஒன்றுக்கு 50,000. ஆக, கொழும்பில் வெட்டுப்புள்ளியைத் தாண்டினாலே ஓர் ஆசனம் ஏறக்குறைய உறுதி. திருகோணமலையில் மொத்தம் 4 ஆசனம்தான். போனஸ் போக 3. அங்கே ஆசனம் ஒன்றுக்கு வாக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேண்டும்; 6 வீதம் எடுத்த கட்சி சட்டப்படி உள்ளே நிற்கும், ஆசனம் பெரும்பாலும் கிடைக்காது. இந்த இரண்டாவது தடையைப் பலர் மறந்துவிட்டு 5 வீதத்தை மட்டும் பேசுகிறார்கள். அதை 'நடைமுறை வெட்டுப்புள்ளி' என்று பிரித்து எழுதுவது நல்லது.

'உண்மையான மக்கள் நாங்களே, மற்றவர்கள் மேட்டுக்குடி' என்று பேசும் வெகுசனவாதக் கட்சிகளுக்கு இந்த எல்லையே முதல் சோதனை. வாக்கு வீணாகும் என்ற பயத்தை உடைக்க அவற்றுக்கு ஊடகம் வேண்டும். பிரான்சில் தீவிர வலதுசாரிக் கட்சியான தேசிய முன்னணியின் தலைவர் ஜோன்-மரி லு பென் 1984 பெப்ரவரியில் பிரபல தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில் தோன்றினார். ஜூனில், நாடு முழுதும் ஒரே பட்டியலாக நடந்த ஐரோப்பியத் தேர்தலில் கட்சிக்குச் சுமார் 11 வீதமும் 10 ஆசனங்களும். 1986இல் தேசியத் தேர்தலும் விகிதாசாரமானபோது 35 ஆசனங்கள். 1988இல், தொகுதிக்கு ஒருவரையே தெரியும் இரு சுற்று முறை திரும்பியது. வாக்கு வீதம் ஏறக்குறைய அதே, ஆசனம் ஒன்றே ஒன்று. ஆனால் அதே ஆண்டு சனாதிபதித் தேர்தலில் லு பென் 14 வீதத்துக்கு மேல் எடுத்திருந்தார். ஆசனத்தைப் பறித்த சட்டத்தால் கமராவைப் பறிக்க முடியவில்லை.

ஜேர்மனியில் 2013இல் 'ஜேர்மனிக்கான மாற்று' கட்சி 4.7 வீதத்தில் நின்றது, வெட்டுப்புள்ளி 5. 2017இல் 12.6 வீதத்துடன் 94 ஆசனங்கள். வெட்டுப்புள்ளியை ஒட்டி நிற்கும் கட்சி செய்தியாசிரியருக்கு வசதி: 'தாண்டுமா, தாண்டாதா' என்பதே தினசரித் தலைப்பு, கொள்கையை யாரும் கேட்பதில்லை.