தோள் சின்னம் துணியோடு ஒட்ட வேண்டும்: ராணுவ ஃபிகர்களில் டெக்கல் போடுபவர்கள் கவனத்துக்கு

1/35 அளவு ஃபிகரில், அதாவது உண்மை ஆளில் 35இல் ஒரு பங்கு உயரமுள்ள பொம்மை வீரனில், ஒரு தோள் சின்னத்தின் உயரம் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. முகத்துக்கும் சீருடை மடிப்புகளுக்கும் எத்தனை நாள் உழைத்திருந்தாலும், பார்ப்பவர் கண் அந்தப் புள்ளியில்தான் போய் நிற்கும். அங்கே இரண்டு விதத்தில் வேலை கெடுகிறது. சின்னமே அந்த ஆளுக்கு உரியதாக இல்லாமல் போவது ஒன்று. சரியான சின்னம்தான், ஆனால் டெக்கல் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப் படலம்) பிளாஸ்டிக் துண்டாகப் பளபளத்துக்கொண்டு நிற்பது இன்னொன்று. இரண்டையும் தவிர்க்க முடியும்.

1944 ஜூனில் நார்மண்டியில் குதித்த அமெரிக்க 101வது வான்வழிப் படைப்பிரிவு வீரனை எடுத்துக்கொள்வோம். நிறையப் பேர் செய்யும் ஃபிகர் இது. இடது தோளில் கறுப்புக் கேடயத்தில் வெள்ளைக் கழுகுத் தலை, அதற்கு மேல் வளைந்த பட்டை. தோள் தையலிலிருந்து அரை அங்குலம் கீழே என்பது விதி. 1/35இல் அது சுமார் 0.36 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட தையலை ஒட்டியே. பலர் கையின் நடுவில் இறக்கி ஒட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் தோள் அகலமே தப்பாகத் தெரியும். கழுகின் அலகு வீரன் பார்க்கும் திசையில், முன்னோக்கி இருக்க வேண்டும்.

வலது கையில் கொடி போடுவதாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. இன்றைய அமெரிக்கச் சீருடையில் வலது கைக் கொடியின் நட்சத்திரக் கட்டம் முன்பக்கம் பார்த்திருக்கும். 1944இல் அப்படி இல்லை. சாதாரணக் கொடிதான், கட்டம் முதுகுப் பக்கம் வரும். இன்றைய வீரர்களுக்கான டெக்கல் தாளிலிருந்து ஒரு கொடியை வெட்டிப் போட்டால், விவரம் தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

தலைக்கவசத்தில் சீட்டுக்கட்டுக் குறிகள்: 506வது ரெஜிமென்ட்டுக்கு ஸ்பேட், 502வதுக்கு ஹார்ட், 501வதுக்கு டைமண்ட், 327வது கிளைடர் காலாட்படைக்குக் கிளப். குறியைச் சுற்றியுள்ள சிறு கோடு பட்டாலியனைச் சொல்கிறது. கடிகார முள் கணக்கில் 3 மணி இடத்தில் இருந்தால் முதலாவது, 6இல் இரண்டாவது, 9இல் மூன்றாவது. கவசத்தின் மேல் வலை வார்த்திருக்கும் ஃபிகரில் டெக்கல் உட்காராது. அங்கே மெல்லிய தூரிகையால் வலைக் கண்களுக்கு நடுவில் வெள்ளையை விட்டு விட்டுத் தொடுவதுதான் வழி.

ஜெர்மானிய ஃபிகர் செய்பவர்களுக்கும் ஆண்டுதான் முதல் கேள்வி. ராணுவத் தலைக்கவசத்தின் வலப்பக்க மூவண்ணக் கேடயத்தை நீக்க 1940இல் உத்தரவு வந்தது. இடப்பக்கக் கழுகு 1943இல் போனது. பழைய கவசங்களில் அழிக்காமல் விட்டதும் உண்டு, ஆனால் 1944இல் ஒரு குழு முழுக்க இரண்டு சின்னமும் மாட்டி நின்றால் அது பிழை. ராணுவத்தின் மார்புக் கழுகு வலது மார்பில், வாஃபன் எஸ்எஸ்ஸின் (நாஜிக் கட்சியின் தனி ஆயுதப் படை) கழுகு இடது மேல்கையில். இந்த இரண்டையும் கலந்தால் ஆளே வேறு படைக்குப் போய்விடுவான்.

இனி ஒட்டுகிற வேலை. மேட் (பளபளப்பில்லாத) வண்ணத்தின் மேற்பரப்பு நுண்ணிய மேடு பள்ளமானது. அதன்மேல் நேரடியாக டெக்கல் போட்டால் பள்ளங்களில் காற்று சிக்கும், காய்ந்ததும் வெள்ளி பூத்தது மாதிரி மின்னும். எனவே சின்னம் வரும் இடத்தில் மட்டும் தமியா எக்ஸ்-22 போன்ற கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷை மெல்லியதாக இரண்டு கோட் பூசி, 24 மணி நேரம் காய விடுங்கள். துப்பாக்கி வார், பை போன்றவை தோளை மறைக்கும் என்றால் அவற்றைப் பிறகு ஒட்டலாம். கையைத் தோளோடு இணைத்த இடுக்கை மட்டும் முன்பே நிரப்பித் தேய்த்துவிட வேண்டும்.

சின்னத்தைச் சுற்றியுள்ள தெளிவான படலத்தைப் புது பிளேடால் விளிம்பு வரை வெட்டுங்கள். மழுங்கிய பிளேடு மையை உரித்துவிடும். வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து விநாடி முக்கி எடுத்து, டிஷ்யூ மேல் ஒரு நிமிடம் வையுங்கள். நீரிலேயே மிதக்கவிட்டால் பசை கரைந்துபோகும். ஒட்டும் இடத்தில் மைக்ரோ செட் (டெக்கல் பிடித்து ஒட்ட உதவும் திரவம்) ஒரு துளி வைத்து, ஈரத் தூரிகையால் சின்னத்தை நகர்த்துங்கள். இடம் சரியானதும் டிஷ்யூ முனையால் ஓரத்து நீரை உறிஞ்சிவிட்டு, மேலே மைக்ரோ சால் (படலத்தை இளக்கும் திரவம்) தடவுங்கள். சில நிமிடங்களில் டெக்கல் சுருங்கி அலங்கோலமாகும். அப்போது கை வைக்காதீர்கள். அந்த நேரத்தில் படலம் கூழ்போல் மென்மையாக இருக்கும், தொட்டால் கிழியும். அதுவே மடிப்புகளுக்குள் இறங்கிப் படியும். அரை மணி கழித்து இன்னொரு முறை, தேவையென்றால் மூன்றாவது முறையும் தடவலாம். குமிழ் இருந்தால் ஊசி முனையால் குத்தி, அந்த இடத்தில் மட்டும் திரவம் வையுங்கள். ஆழமான மடிப்பின் மேல் விழும் சின்னத்தை மடிப்புக் கோட்டில் பிளேடால் கீறிவிட்டால்தான் உள்ளே இறங்கும்.

மிஸ்டர் மார்க் சாஃப்டர் போன்ற வீரியமான திரவங்கள் சில அக்ரிலிக் வண்ணங்களையே இளக்கிவிடும். அதே வண்ணம் பூசிய உதிரித் துண்டு ஒன்றில் முதலில் சோதியுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள்.

மறுநாள் ஈரப் பஞ்சால் பசைக் கறையைத் துடைத்து, மேலே ஒரு கோட் கிளாஸ், அது காய்ந்ததும் மேட். அடைமழை நாளில் மேட் ஸ்ப்ரே அடிக்க வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, முழு ஃபிகரும் வெளிறிப் பூத்துவிடும்.

பெரும்பாலோர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் சின்னம் துணியாக மாறுவது இதற்குப் பிறகுதான். அச்சு வெள்ளை அந்த அளவில் கண்ணைக் குத்தும். சீருடையின் அடிப்படை நிறத்தில் ஒரு பங்குக்கு எட்டுப் பங்கு நீர் சேர்த்து, தூரிகையை டிஷ்யூவில் ஒற்றியெடுத்து, சின்னத்தின் மேல் ஒரு மெல்லிய சாயம் ஓட்டுங்கள். கழுகுத் தலை தந்த நிறத்துக்கு இறங்கும். பின் கேடயத்தின் மேல் விளிம்பில் அடர் சாம்பலால் ஒரு நூலளவு கோடு, கீழ் விளிம்புக்கு வெளியே சட்டையின் மேல் அடர் பழுப்பில் ஒரு நிழல் கோடு. உண்மையான சின்னம் தடித்த எம்பிராய்டரி, அதற்கொரு கனம் உண்டு. அந்தக் கனத்தை இந்த இரண்டு கோடுகள்தான் காட்டுகின்றன. கோடு விட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை, தடித்துவிடக் கூடாது. சட்டை மடிப்பின் நிழல் சின்னத்தின் குறுக்கே போகிறதென்றால், அதே நிழலைச் சின்னத்தின் மேலும் தொடருங்கள். சட்டையில் புழுதி போட்டால் சின்னத்திலும் போடுங்கள்.

மஞ்சளித்த பழைய டெக்கல் தாளைப் பாலித்தீன் பையில் போட்டு, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வைத்தால் வெளுக்கும். பயன்படுத்தும் முன் தேவையில்லாத ஒரு எழுத்தை நீரில் போட்டுப் பாருங்கள். உடைந்து சிதறினால், தாள் முழுக்க மைக்ரோஸ்கேல் லிக்விட் டெக்கல் ஃபிலிம் ஒரு கோட் பூசிக் காயவிட்டு, ஒவ்வொரு சின்னத்தையும் ஓரமாக வெட்டி எடுக்க வேண்டும்.

கடையில் கிடைக்காத சின்னங்களும் உண்டு. மெட்ராஸ் சாப்பர்ஸின் (இந்திய ராணுவப் பொறியாளர் படை) 12வது ஃபீல்டு கம்பெனி இருந்த 4வது இந்தியப் படைப்பிரிவின் கறுப்புச் சதுரத்துச் சிவப்புக் கழுகை வீட்டு இங்க்ஜெட்டில் அச்சடிக்கலாம். இங்க்ஜெட் வெள்ளை மையை அச்சிடாது, அதனால் வெள்ளை டெக்கல் தாள்தான் வேண்டும். அச்சடித்ததும் அக்ரிலிக் கிளியர் ஸ்ப்ரே மூன்று மெல்லிய கோட் அடித்து மூடாவிட்டால், நீரில் போட்டவுடன் மை கரைந்து ஓடிவிடும். வெட்டிய வெள்ளை ஓரத்தை ஒட்டும் முன்பே கறுப்பால் தொட்டுவிடுங்கள்.