ஊசி பின்தங்கும்போது தெரியும் வரிகள்

பாலிமர் படலத்தின் தடிமனே 50 நானோமீட்டர்தான்; ஒளி நுண்ணோக்கியோ சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. பிறகு அதில் நடக்கும் மாற்றத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அந்த 200 பக்கவாட்டுக்கான எல்லை. தடிமனை நிறம் காட்டிக் கொடுக்கும். படலத்தின் மேலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் குறுக்கிடுவதால், தடிமன் மாறினால் நிறமும் மாறும். சிலிக்கன் தகட்டில் பூசிய பாலிஸ்டைரீனை 100 டிகிரி செல்சியசுக்கு மேல் நன்றாகச் சூடாக்கினால் அது இளகும். துளைகள் விழும், பெருகும், கடைசியில் படலம் துளித்துளியாக உடையும். இதற்கு ஒளி நுண்ணோக்கியே போதும்.

சிக்கல் இருகூட்டுப் பாலிமர்களில்தான். ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை நுனியில் பிணைத்து வைத்திருப்பார்கள். விலகவும் முடியாது, கலக்கவும் பிடிக்காது. அதனால் சில பத்து நானோமீட்டர் அகல வரிகளாக ஒதுங்கிக்கொள்கின்றன. மேற்பரப்பு கிட்டத்தட்ட மட்டம், நிறமும் ஒன்றே.

இங்கேதான் 1986-இல் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் அறிமுகப்படுத்திய அணுவிசை நுண்ணோக்கி வருகிறது. பத்து நானோமீட்டர் அளவே கூரான ஊசிமுனை, மெல்லிய சிலிக்கன் கம்பியின் நுனியில் நொடிக்கு ஏறக்குறைய மூன்று லட்சம் முறை அதிர்ந்தபடி படலத்தைத் தட்டிச் செல்லும். வீச்சு, அதாவது அதிர்வின் அளவு, மாறாதபடி கருவி ஊசியை ஏற்றி இறக்கும். அந்த ஏற்ற இறக்கமே மேடு பள்ளப் படம். எனக்குப் பிடித்தது அதோடு சேர்ந்து கிடைக்கும் இன்னொரு படம். ஆட்டுவிக்கும் விசைக்கும் கம்பியின் ஆட்டத்துக்கும் நடுவே எப்போதும் சிறு காலப் பின்தங்கல் உண்டு. ரப்பர் போன்ற பகுதியைத் தட்டும்போது ஊசியின் ஆற்றலில் கொஞ்சத்தை அது விழுங்கிவிடும், பின்தங்கல் மாறும். விறைப்பான பகுதியில் வேறு அளவு. அந்த வித்தியாசத்தை மட்டும் வரைந்தால், மட்டமான பரப்பில் கைரேகை போன்ற வரிகள் எழுகின்றன. படலத்தைச் சூடாக்கி ஆறவிட்டு மறுபடி பார்த்தால், கலைந்து கிடந்த வரிகள் சீராக நீண்டிருப்பதும் தெரியும்.

ஆனால் வெளிச்சமாகத் தெரிவதெல்லாம் கெட்டிப் பகுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தட்டும் விசையைக் கூட்டினால் கருப்பு வெள்ளையாகவும் வெள்ளை கருப்பாகவும் புரளலாம். எந்த வீச்சில் எடுத்தது என்று சொல்லாத படத்தை நான் நம்புவதில்லை. கருவி வாங்கப் பணம் ஒதுக்குபவர்கள், இதையெல்லாம் அறிந்து அதை இயக்கும் ஆளுக்கும் சம்பளம் ஒதுக்கினால் நல்லது. அப்புறம், படம் முழுக்க ஒரே மாதிரி முக்கோணங்கள் தெரிந்தால் படலத்தைத் தொண்ணூறு டிகிரி திருப்பி மறுபடி எடுங்கள். முக்கோணங்கள் திரும்பவில்லையென்றால் அவை படலத்தில் இல்லை. உடைந்த ஊசிமுனையின் வடிவம்தான் அது.