எமுலேட்டர்: போன்மியா, இணைச்செயலியா?

‘எமுலேட்டர்’ என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது, பழைய கணினியையோ விளையாட்டுப் பெட்டியையோ போல நடந்துகொள்ளும் ஒரு மென்பொருள்தான். கணினித் துறைக்குள் அச்சொல் நுழைந்தபோது அது வன்பொருளையும் சேர்த்தே குறித்தது. 1980களில் ஐபிஎம் பிசியின் விரிவாக்கச் செருகுவாயில் பொருத்தி, வேறொரு கணினிக்காக எழுதப்பட்ட மென்பொருளை இயக்கிய அட்டைகளையும் பலர் இதே பெயரால் சுட்டுகிறார்கள். தமிழில் பெயர் வைக்க முனையும்போதுதான், இவ்விரண்டும் ஒரே வேலையை ஒரே வழியில் செய்வன அல்ல என்பது தெரியவருகிறது.

‘எமுலேட்டர்’ என்பதன் வேர் இலத்தீன். அம்மொழியில் ‘ஏமுலுஸ்’ என்பவன் போட்டியாளன். இன்னொருவனுக்கு ஈடாகவோ அவனை விஞ்சியோ நிற்க முயல்பவன். ‘சிமுலேட்டர்’ என்பதன் வேர் வேறு. அது ‘ஒத்த’ எனப் பொருள்படும் ‘சிமிலிஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. விமானிகள் பயிலும் சிமுலேட்டர் பறக்கத் தேவையில்லை, பறப்பதுபோல் காட்டினால் போதும். எமுலேட்டரோ மூலக் கணினியின் வேலையை மெய்யாகவே செய்து முடிக்க வேண்டும். பழைய சம்பளப் பட்டியல் நிரலை அதில் ஓட்டினால், கடைசிக் காசு வரை கணக்குச் சரியாக வந்தாக வேண்டும்.

இந்த வேறுபாட்டை வலியுறுத்த ஐபிஎம் பொறியாளர்களுக்கு ஒரு தேவையும் இருந்தது. 1959இல் வெளிவந்த 1401 கணினி ஆயிரக்கணக்கான அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருந்த நிலையில், அதனோடு பொருந்தாத புதிய சிஸ்டம்/360 வரிசையை அந்நிறுவனம் உருவாக்கி வந்தது. 1963 டிசம்பரில் ஹனிவெல் நிறுவனம், 1401க்கான நிரல்களைத் தன் கணினிக்கு மாற்றித் தரும் வசதியோடு ‘ஹனிவெல் 200’ஐ அறிவித்தது. பழைய நிரல்கள் ஓடவில்லையென்றால் வாடிக்கையாளர்கள் கைநழுவிப் போவார்கள் என்ற நிலை. முழுக்க மென்பொருளால் ஒரு கணினியைப் போலச் செய்விப்பதைச் சிமுலேஷன் என்றே அப்போது அழைத்தார்கள். அது மிக மெதுவானது. செயலியின் உள்ளே கட்டளைகளை நடத்தும் நுண்நிரலையும் வன்பொருளையும் மென்பொருளையும் ஒன்றாகக் கூட்டி, 1401இன் கட்டளைகளைப் புதிய எந்திரமே ஏற்று நடத்தும்படி செய்த ஏற்பாட்டுக்கு எமுலேட்டர் என்று தனிப் பெயர் சூட்டினார்கள். போட்டியாளன் என்ற பழைய பொருள் அந்தச் சூழலுக்கு நன்றாகவே பொருந்தியது.

தமிழில் இதற்கு இயல்பான வேர் ‘போல்’ என்பதே. இலக்கணத்தில் ‘போலி’ என்றொரு சொல் இருக்கிறது: ‘அறம்’ என்பதன் ஈற்று மகரத்தின் இடத்தில் னகரம் வந்து ‘அறன்’ என நின்றாலும் பொருள் மாறுவதில்லை. உறுப்பு வேறு, ஆற்றும் பணி ஒன்று. எமுலேட்டருக்கு இதைவிடப் பொருத்தமான கருத்து கிடைப்பது அரிது. ஆனால் போலி மருந்தும் போலி மருத்துவரும் நாளேடுகளில் மலிந்துவிட்ட பிறகு அச்சொல்லைத் தொழில்நுட்பத்துக்கு மீட்டெடுக்க முடியாது. ‘முன்மாதிரி’ என்று எழுதுவதும் சரியன்று. முன்மாதிரி என்பது வரப்போகும் பொருளுக்கு முன்னால் செய்து பார்ப்பது, இங்கோ இருந்துபோன ஒன்று பின்னால் மீண்டும் நிகழ்த்தப்படுகிறது. எஞ்சுவது ‘போன்மி’. நல் என்பதோடு மை சேர்ந்து நன்மை ஆவதுபோல, போல் என்பதோடு மை சேர்ந்தால் போன்மை. செயலைச் செய்வது செயலி ஆவதுபோல, போன்மையை நிகழ்த்துவது போன்மி. போட்டிப் பொருள் இதில் இல்லை என்பது உண்மைதான். அதை இன்று ஆங்கிலத்திலும் எவரும் நினைப்பதில்லை என்பதால் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

இனி அட்டைக்கு வருவோம். 1983இல் குவாட்ரம் நிறுவனம் விற்ற ‘குவாட்லிங்க்’ என்னும் விரிவாக்க அட்டை, ஐபிஎம் பிசியில் ஆப்பிள் II கணினியின் மென்பொருள்களை இயக்கியது. பிசியின் 8088 செயலி 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. ஆப்பிளின் 6502 செயலிக்கோ ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ்தான். எண்ணைப் பார்த்து 8088க்கு இது எளிது என்று எண்ணிவிடக் கூடாது. 6502இன் ஒவ்வொரு கட்டளையையும் எடுத்து, பிரித்து, நிகழ்த்திக் காட்டப் பல கட்டளைகள் தேவைப்படுவதால், மென்பொருள் போன்மியாக இருந்தால் 8088 மூச்சுத் திணறியிருக்கும். ஆகவே அட்டையிலேயே ஒரு 6502ஐயும் அதற்கான நினைவகத்தையும் வைத்துவிட்டார்கள்.

அதைவிடச் சுவையானது வட்டுச் சிக்கல். இரண்டு கணினிகளும் பயன்படுத்தியது அதே 5.25 அங்குல நெகிழ்வட்டு. ஆனால் ஆப்பிள் அதில் 35 தடங்கள், தடத்துக்கு 16 பிரிவுகள், பிரிவுக்கு 256 பைட்டுகள் என 140 கிலோபைட்டைத் தனக்கே உரிய குறிமுறையில் பதிந்தது. பிசியின் வட்டுக் கட்டுப்பாட்டுச் சில்லுக்கு அக்குறிமுறை பிடிபடாது. எனவே வட்டியக்கியின் கம்பி நேரே பிசியின் கட்டுப்பாட்டு அட்டைக்குச் செல்லாமல் குவாட்லிங்க் வழியாகச் சென்றது; ஆப்பிள் வட்டு உள்ளே இருந்தால் அட்டையின் சுற்றே அதைப் படிக்கும்.

அப்படியானால் இங்கே ‘போல’ நடிப்பது எது? செயலி நடிக்கவில்லை, அது மெய்யான 6502. அதைச் சூழ்ந்திருக்கும் விசைப்பலகையும் திரையும்தான் ஆப்பிளுக்குரியவை அல்ல. இதைப் போன்மி அட்டை என்றால் பாதிதான் உண்மை. துணைச்செயலி அட்டை எனவும் சொல்ல முடியாது. தசமப் புள்ளி எண்களின் கணக்கில் 8088க்கு உதவிய 8087 சில்லுதான் துணைச்செயலி; தலைமை அங்கே கைமாறுவதில்லை. குவாட்லிங்க் இயங்கும்போது நிரலை நடத்துவது 6502. தாய்ப்பலகையோடு இணைந்த விசைப்பலகையில் தட்டியதை அதற்கு எடுத்துக் கொடுக்கும் ஏவலுக்கு 8088 இறங்கிவிடுகிறது. எனவே ‘இணைச்செயலி அட்டை’ என்பதே தகும் என்பது என் கருத்து. ஏற்கும் தளம் பலகை, அதில் செருகப்படுவது அட்டை என்ற வழக்கையும் மாற்ற வேண்டாம். பிறர் உடலில் ஒட்டிக்கொண்டு குருதி உறிஞ்சும் உயிருக்கும் தமிழில் அட்டை என்றே பெயர் இருப்பது தற்செயலான பொருத்தம்.

எல்லா அட்டைகளும் இணைச்செயலி ஆகிவிடுவதும் இல்லை. 1983 அக்டோபரில் ஐபிஎம் வெளியிட்ட பிசி எக்ஸ்டி/370இல், சிஸ்டம்/370 பெருங்கணினியின் கட்டளைகளை ஏற்கும்படி நுண்நிரல் மாற்றப்பட்ட மோட்டரோலா 68000 செயலி அட்டையில் இருந்தது. வேறொன்றாகப் பிறந்த சில்லு இங்கே சிஸ்டம்/370ஆக நடப்பதால் இதைப் போன்மி அட்டை என்பதில் தடையில்லை. 1963இல் அச்சொல் குறித்த பொருளும் இதுவே.

அட்டையே இல்லாத வழியும் ஒன்று இருந்தது. பிசியின் 8088ஐக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பொருத்தக்கூடிய என்ஈசி நிறுவனத்தின் வி20 சில்லு, ஒரு தனிக் கட்டளை கிடைத்ததும் பழைய 8080 செயலியாக மாறும். இது சில்லுக்குள்ளேயே அமைந்த போன்மி. சிபி/எம் இயங்குதளத்துக்காக 8080 கட்டளைகளில் எழுதப்பட்ட வேர்ட்ஸ்டார் போன்ற நிரல்களுக்கு அது போதும். டர்போ பாஸ்கல் என்னும் நிரலாக்க மென்பொருளின் சிபி/எம் பதிப்போ இசட்-80 செயலியைக் கேட்டது. அந்தச் சில்லையே ஏந்திவந்த ‘பேபி புளூ’ போன்ற இணைச்செயலி அட்டை அதற்குத் தேவைப்பட்டது.