பிறர் வலியைச் சுமக்கும் மூளை

2007ஆம் ஆண்டு நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில், மூளையின் செயல்பாட்டை அது நடக்கும்போதே படம் பிடிக்கும் ஸ்கேன் கருவிக்குள் ஒரு பௌத்தத் துறவி படுத்திருந்தார். பெயர் மத்தியூ ரிக்கார். பாரிஸில் உயிரணு மரபியலில் முனைவர் பட்டம் பெற்ற பின், இமயமலைப் பக்கம் துறவு வாழ்வைத் தேடிப் போனவர். துன்பப்படுகிறவர்களை மனத்தில் நிறுத்தி இரக்கத் தியானம் செய்யும்படி நரம்பியலாளர் டானியா சிங்கர் அவரிடம் கேட்டிருந்தார்.

சிங்கருக்கு ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. காதல் இணைகளை வைத்து 2004இல் அவர் வெளியிட்ட ஆய்வு, துணைவருக்கு வலிக்கிறது என்று அறிந்தவுடனேயே நம் மூளையில் முன் இன்சுலாவும் முன் சிங்குலேட் புறணியும் தூண்டப்படுவதைக் காட்டியது. நமக்கே வலிக்கும்போது வேலை செய்யும் பகுதிகள் அவை. அப்படியானால் இரக்கத்தில் ஊறிய துறவிக்கு அவை கொழுந்துவிட்டு எரிய வேண்டும். எரியவில்லை. வேறு பகுதிகள் விழித்துக்கொண்டன.

அடுத்து சிங்கர் வேறொன்றைக் கேட்டார். இரக்கத்தை விட்டுவிட்டு, அவர்களுடைய வலியை மட்டும் உங்கள் வலியாக உணருங்கள் என்றார். ருமேனியாவின் அனாதை இல்லக் குழந்தைகளைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை ரிக்கார் முந்தைய இரவு பார்த்திருந்தார். எலும்பும் தோலுமாக இருந்த அந்தக் குழந்தைகளை நினைத்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் துவண்டுபோனார். தியானத்திலேயே வாழ்வைக் கழித்த மனிதருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மீண்டும் இரக்கத்துக்கு மாறியபோது, மனத்தில் இருந்த காட்சி மாறவில்லை. அதை எதிர்கொள்ளும் தெம்பு மட்டும் வந்தது. அந்தக் குழந்தைகளிடமிருந்து விலகத் தோன்றாமல், அருகே சென்று தேற்றத் தோன்றியதாக அவர் பின்னர் எழுதினார்.

ஐசியூவில் நைட் டியூட்டி பார்க்கும் செவிலியர் அந்த ஒரு மணி நேரத்தை ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்.

அந்த வாழ்க்கையின் விளைவுக்கு 1974இல் ஓர் ஆய்வு இதழில் பெயர் கிடைத்தது. நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச கிளினிக்கில் பணியாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், தன்னோடு உழைத்த தொண்டர்கள் கருகிப்போவதைக் கண்டு அதை ‘பர்ன் அவுட்’, அதாவது பணிச்சோர்வு, என்றார். அர்ப்பணிப்பு மிகுந்தவர்களே முதலில் விழுகிறார்கள் என்பதும் அவர் கவனித்ததுதான். 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 22 கேள்விகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார்கள். அது மூன்றை அளக்கிறது: உணர்வு வற்றிப்போதல், நோயாளியை ஆளாகப் பார்க்காமல் ‘ஏழாம் நம்பர் பெட்’ ஆகப் பார்த்தல், செய்த வேலையில் நிறைவு இல்லாமை.

இந்த இரண்டாவதை மனிதத்தன்மை இல்லாத குணம் என்று திட்டுவது எளிது. மூளையைப் பார்த்தால் அது ஒரு தற்காப்பு என்று புரியும். தைவானில் அக்குபங்சர் மருத்துவர்களுக்கும் அத்தொழில் தெரியாதவர்களுக்கும் உடலில் ஊசி குத்தும் காட்சிகளைக் காட்டி ஆராய்ந்தார்கள். முடிவு 2007இல் வெளியானது. மற்றவர்களின் மூளையில் வலிப் பகுதிகள் துடித்தன. மருத்துவர்களுக்கு அவை அடங்கியிருந்தன. உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் நெற்றிப்புறப் பகுதிகள் வேலை செய்தன. கை நடுங்காமல் ஊசி போட இது வேண்டும். ஆனால் தொழிலுக்காக மூடிய கதவை எந்நேரமும் மூடியே வைத்தால், நோயாளியின் முகமும் வெளியிலேயே நின்றுவிடுகிறது.

மூழ்குவது ஒரு வழி, மூடிக்கொள்வது இன்னொரு வழி. ரிக்கார் காட்டியது மூன்றாவது. அது துறவிக்கு மட்டுமே கைவருவதா? சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் தியானம் அறியாத பெண்களை வைத்து இதைச் சோதித்தார்கள். முதலில் பிறர் வலியை உணரும் பயிற்சி. துன்பக் காட்சிகளைப் பார்த்தபோது வேதனை கூடியது, வலிப் பகுதிகள் தூண்டப்பட்டன. பிறகு அதே பெண்களுக்கு மைத்ரி பாவனை, அதாவது ‘இவர் நலம் பெறட்டும்’ என்று மனமார விழையும் பயிற்சி. வேதனை பழைய அளவுக்கு இறங்கியது. அன்பு, பற்று, வெகுமதி ஆகியவற்றோடு தொடர்புள்ள வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டமும் கண்குழிக்கு மேலுள்ள புறணியும் தூண்டப்பட்டன. ஒப்பிடுவதற்காக வேறொரு குழுவுக்கு நினைவாற்றல் பயிற்சி தரப்பட்டது. இந்த மாற்றம் அங்கே தோன்றவில்லை. ஆகவே ஆசிரியரோடு சில மணி நேரம் அமர்ந்திருந்ததால் வந்த மாற்றம் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

இதில் நடப்பது என்ன? நோயாளியின் வலி என் வலியாகும்போது உடல் முதலில் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறது. அழுத்த ஹார்மோனான கார்டிசால் சுரக்கிறது, விலகத் தோன்றுகிறது. வலி அவருடையது, அவர் நலம் பெற வேண்டும் என்ற விருப்பம் என்னுடையது என்று பிரிந்து நிற்கும்போது கவனம் அவர் மீதே இருக்கிறது. ஆன்மிகம் என்று ஆய்வாளர்கள் குறிப்பதில் பெரும்பகுதி, இந்த நிலையைப் பழக்கமாக்கும் வழிகள்தாம். பிரார்த்தனை, தியானம், தன்னைவிடப் பெரிய ஒன்றோடு உறவு, வேலைக்கு ஒரு பொருள் உண்டு என்ற உணர்வு ஆகியவை அதில் அடங்கும். கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் இதில் இடம் உண்டு.

எல்லாத் தியானமும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சிங்கர் ஜெர்மனியில் நடத்திய ஒன்பது மாதப் பயிற்சி ஆய்வில், மூச்சைக் கவனிக்கும் பயிற்சி மட்டும் பெற்றவர்கள் மன அழுத்தம் குறைந்ததாகச் சொன்னார்கள்; நெருக்கடிச் சோதனையில் அவர்களது கார்டிசால் குறையவில்லை. இரக்கத்தையும் பிறர் நோக்கில் பார்ப்பதையும் பழகியவர்களுக்கு 51 சதவீதம் வரை குறைந்தது. இதில் பங்கேற்றவர்கள் ஆரோக்கியமான தன்னார்வலர்கள். வார்டில் நிற்கும் செவிலியர்கள் அல்லர். அந்த எச்சரிக்கையோடுதான் இதைப் படிக்க வேண்டும்.

வார்டில் பிறந்த வழக்கம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியராக இருந்த ஜோனதன் பார்ட்டெல்ஸ், நோயாளி இறந்ததும் எல்லோரும் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்தவரிடம் ஓடுவதைப் பார்த்து வந்தவர். இறந்தவரைச் சுற்றி நின்றவர்கள் சற்று நேரம் அமைதியாக நிற்கலாம் என்று அவர் தொடங்கிவைத்தார். முக்கால் நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். இறந்தவர் ஒரு மனிதர், யாரோ நேசித்தவர் என்பதை ஒருவர் சொல்வார், பிறகு மௌனம். அவரவர் மதப்படி வேண்டிக்கொள்ளலாம், வேண்டாமலும் நிற்கலாம். பல மருத்துவமனைகள் இதை எடுத்துக்கொண்டன. இழப்புக்கு ஒரு முடிவு கிடைக்கிறது, அது தனி ஒருவரின் சுமையாக இல்லாமல் போகிறது, ‘ஏழாம் நம்பர் பெட்’ மறுபடி மனிதராகிறார். மாஸ்லாக் அளந்த மூன்றில் இரண்டையாவது அந்த ஒரு நிமிடம் தொடுகிறது என்று நினைக்கிறேன்.

இனிச் சொல்லப்போவது எனக்கு மிக முக்கியம். செய்ய வேண்டியது எதுவென்று தெரிந்தும் நிறுவனத்தின் தடைகளால் செய்ய முடியாத நிலையை, செவிலியர் பணி பற்றி எழுதிய தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984இல் அறத் துயரம் என்று குறிப்பிட்டார். அந்தத் துயரத்தைத் தியானத்தால் கரைக்க முயல்வது தவறு. அது நியாயமான துயரம். பணிச்சோர்வை நிர்வகிக்கப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது. வெள்ளுடை தேவதைகள் என்று புகழ்ந்துவிட்டு இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டுவது கொடுமை. 1550 மருத்துவர்கள் பங்கேற்ற 19 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான பகுப்பாய்வில், தனிமனிதருக்குத் தரும் பயிற்சிகளைவிட வேலைநேரம், பணிச்சுமை போன்றவற்றை நிறுவனமே மாற்றியபோது பலன் கூடுதலாக இருந்தது.

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் ஒரு சோதனை நடந்தது. 74 மருத்துவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம், சம்பளத்துடன், பணி நேரத்திலேயே ஒதுக்கப்பட்டது. பாதிப் பேர் அந்த நேரத்தை விருப்பப்படி செலவிட்டார்கள். மற்றவர்கள் சிறு குழுவாக அமர்ந்து தங்கள் வேலையின் பொருளையும் அனுபவங்களையும் பகிர்ந்துகொண்டார்கள். ஒன்பது மாதங்களில் 19 அமர்வுகள். குழுவாக அமர்ந்தவர்களிடம் வேலையில் ஈடுபாடு கூடியது, நோயாளியை ஆளாகப் பார்க்காத மனநிலை குறைந்தது. அமர்வுகள் முடிந்து ஓராண்டு கழித்தும் அந்த மாற்றம் நீடித்தது. 2014இல் முடிவுகள் வெளியாயின. அந்த ஒரு மணி நேரத்துக்கான செலவை ஏற்றது மருத்துவமனை.